லினக்ஸில் டாக் கோப்பு எதுவும் திறக்கவில்லை (மண்டபம்)

3 மே 2025, காலை. கேள்வி

அண்ணே, இங்கே பாசி எடுக்கும் பெண்கள் குழுவுக்கு எழுத்து வேலையெல்லாம் நான்தான் பார்க்கிறேன். என் அண்ணன் படிக்கும்போது அரசு கொடுத்த மடிக்கணினி ஒன்று இருக்கிறது. அதில் இப்போது லினக்ஸ் போட்டுத் தந்திருக்கிறார்கள். எக்செல் பட்டியல் திறக்கிறது. ஆனால் மனு, தீர்மானம், உறுப்பினர் விவரம் என்று வேர்டில் அடித்துவைத்த எதைத் தொட்டாலும், வேர்ட், எக்செலுக்குப் பதிலாக இதில் இருக்கும் லிப்ரேஆபீஸ் வருகிறது, 'பொதுப் பிழை, உள்ளீடு வெளியீடு பிழை' என்று ஒரு பெட்டியைக் காட்டுகிறது, மூடிக்கொள்கிறது. டாக், டாக்எக்ஸ் இரண்டும் இப்படித்தான். லினக்ஸுக்கு வேர்ட் கோப்பு தெரியாது, பேசாமல் விண்டோஸ் போட்டுக்கொள் என்கிறார்கள். அப்படித்தானா? தடைக்காலம் முடிவதற்குள் மனுக்களைத் திருத்திக் கொடுக்க வேண்டும்.

3 மே, இரவு

அப்படி இல்லை. விண்டோஸ் போட வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம். எக்செல் திறக்கிறது, வேர்ட் மட்டும் திறக்கவில்லை என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. கோப்பைத் தொடாமல் லிப்ரேஆபீஸை மட்டும் தனியாகத் திறந்து பார், தங்கச்சி. இடப்பக்கப் பட்டியலில் ரைட்டர் ஆவணம் என்ற வரி இருக்கிறதா, மங்கலாகக் கிடக்கிறதா, இல்லவே இல்லையா? அதை மட்டும் சொல்.

4 மே

கால்க் மட்டும் இருக்கிறது, ரைட்டர் மங்கிக் கிடக்கிறது என்று பதில் வந்திருக்கிறது. நினைத்ததுதான்.

லிப்ரேஆபீஸ் என்பது டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் ஒரே பொதி (தனியாக நிறுவும் மென்பொருள் துண்டு) அல்ல. பொதுவான அடித்தளம் ஒரு பொதி, எக்செல் வேலைக்குக் கால்க் ஒன்று, இம்ப்ரெஸ் ஒன்று, டிரா ஒன்று, வேர்ட் வேலைக்கு ரைட்டர் ஒன்று. எந்தக் கோப்பு வகை யாருக்குச் சொந்தம் என்ற பதிவேடும் அப்படியே பிரிந்து கிடக்கும். கணினிக்குள் யூஎஸ்ஆர், லிப், லிப்ரேஆபீஸ், ஷேர், ரெஜிஸ்ட்ரி என்று வரிசையாக உள்ளே போனால் மெயின், கால்க், ரைட்டர் என்ற பெயர்களில் எக்ஸ்சிடி கோப்புகள் இருக்கும். ரைட்டர் பொதி இல்லையென்றால் ரைட்டர் எக்ஸ்சிடியும் இருக்காது. அது இல்லாத இடத்தில் டாக் என்றாலும் டாக்எக்ஸ் என்றாலும், லிப்ரேஆபீஸின் சொந்த வடிவமான ஓடிடி என்றாலும், அடித்தளத்துக்கு ஒன்றும் புரியாது. அந்தப் பிழைப்பெட்டிக்கு அர்த்தம் அவ்வளவுதான். உன் கோப்புகள் கெட்டுப்போகவில்லை. போட்டுக் கொடுத்தவர் வட்டில் இடம் மிச்சம் பிடிக்க ரைட்டரை எடுத்திருப்பார், இல்லையென்றால் கணக்குக்கு மட்டும் என்று கால்க்கை மட்டும் போட்டிருப்பார்.

டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரை) 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்ரேஆபீஸ்-ரைட்டர்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடி. ரைட்டருக்கு முன்னால் சிறு கோடு, இடைவெளி இல்லை. அதற்கு முன் ஒருமுறை 'சூடோ ஆப்ட் அப்டேட்'. போன் நெட்டைப் பகிர்ந்து செய்வதானால் சிக்னல் நிலையாக இருக்கும் இடத்தில் உட்கார்ந்து செய்.

4 மே, மாலை

ஆயிற்று. பெரும்பாலான மனுக்கள் திறந்துவிட்டன என்கிறாள். நாளை திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க் கூட்டத்துக்கு வேண்டிய மனுவும் அதில் இருந்தது. நல்லது.

ஆனால் சில கோப்புகள் இன்னும் முரண்டு பிடிக்கின்றன. அவற்றின் பெயரையும், ஒவ்வொன்றும் எத்தனை கேபி என்பதையும் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அளவைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

6 மே

பட்டியல் வந்தது. பார்த்த உடனேயே ஒன்று தெரிகிறது. அலைக்கோடும் டாலர் குறியுமாகத் தொடங்கும் டாக்எக்ஸ் கோப்புகள் அத்தனையும் சரியாக 162 பைட். அவை ஆவணமே அல்ல. வேர்டில் ஒரு கோப்பைத் திறந்திருக்கும்போது, 'இதை இன்னார் திறந்துவைத்திருக்கிறார்' என்று பக்கத்தில் ஒரு சிறு கோப்பை வேர்ட் எழுதிவைக்கும். உள்ளே திறந்தவரின் பெயர் மட்டும்தான் இருக்கும். வேர்டை மூடியதும் தானே அழிந்துவிடும். கரண்ட் போய்விட்டாலோ பென்டிரைவைப் பிடுங்கிவிட்டாலோ அங்கேயே தங்கிவிடும். விண்டோஸ் அதை மறைத்து வைக்கும், லினக்ஸ் காட்டிவிடும். பெயர் நீளமாக இருந்தால் அசல் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தின்றுவிட்டு இந்தக் குறி உட்கார்ந்திருக்கும். அதே பெயரில் அசல் கோப்பு பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இவற்றை அழித்துவிடலாம்.

நம் பக்கம் பென்டிரைவில் கோப்பு வாங்கிப் போகிறவர்கள் பலர் இந்த நிழல் கோப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு 'மனு போச்சு' என்று தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள். அசல் அதே இடத்தில் இருக்கும்.

6 மே, இரவு

மீதிக் கோப்புகளுக்கு ஒரே முதல் வேலை. டெர்மினலில் 'ஃபைல்' என்று அடித்து, இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைக் கொடு. பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோளுக்குள் போடு. கடைசியில் டாக் என்று இருக்கிறதா டாக்எக்ஸ் என்று இருக்கிறதா என்பதை இந்தக் கட்டளை பார்க்காது. உள்ளே முதல் சில பைட்களைப் படித்துப் பதில் சொல்லும்.

2007-இல் வந்த டாக்எக்ஸ் உண்மையில் ஒரு ஜிப் பெட்டி. அதைப் பிரித்தால் உள்ளே எக்ஸ்எம்எல் என்ற குறியிட்ட உரைக் கோப்புகளும் படங்களும் இருக்கும். ஜிப் என்பதால் முதல் இரண்டு எழுத்து பி, கே. ஜிப்பை உருவாக்கிய பில் காட்ஸின் பெயரின் முதலெழுத்துகள். ஓடிடியும் ஜிப்தான், அதுவும் பி, கே என்றுதான் தொடங்கும். பழைய டாக் வேறு வகை, அதற்கு 'காம்போசிட் டாகுமென்ட்' என்று பதில் வரும். ஆர்டிஎஃப் என்றால் 'ரிச் டெக்ஸ்ட்' என்று வரும். இந்த ஒரு வரியைப் பார்க்காமல் எந்த மருந்தும் சொல்லக் கூடாது என்பது என் பழக்கம்.

7 மே

கீழக்கரையிலிருந்து காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்போம்) ஒருவர் எழுதியிருக்கிறார்: 'இவ்வளவு சுற்று எதற்கு? டாக்எக்ஸ் திறக்கவில்லை என்றால் டாக் என்று பெயரை மாற்று, திறந்துவிடும். நான் அப்படித்தான் செய்கிறேன்.'

காக்கா, உங்களுக்குத் திறந்திருக்கும், நான் நம்புகிறேன். பெயரை மாற்றியதும் கோப்பு மாறுவதில்லை, அதைத் திறக்கும் மென்பொருள்தான் மாறுகிறது. வாட்ஸ்அப்பில் வரும் ஆவணம் சில சமயம் டாக், ஒரு தேதி, ஒரு எண், அதன் பின் வெறும் புள்ளியோடு நின்றுவிடுகிறது. பின்னொட்டு இல்லாததால் லினக்ஸ் உள்ளே பார்க்கிறது, பி, கே என்று இருக்கிறது, ஜிப் என்று முடிவு செய்து சுருக்கக் கோப்பு திறக்கும் செயலியைக் கூப்பிடுகிறது. அங்கே வேர்ட் என்ற ஓர் உறை, எக்ஸ்எம்எல் என்று ஏதேதோ தெரிகிறது. அந்த இடத்தில் டாக்எக்ஸ் என்று பின்னொட்டைச் சேர்த்தால் போதும், உங்கள் வழி நூற்றுக்கு நூறு சரி. டாக் என்று போட்டாலும் ரைட்டர் உள்ளே பார்த்துத் திறந்துகொள்ளும்.

ஆனால் இந்தத் தங்கச்சியிடம் இருக்கும் டாக்எக்ஸ் ஒன்றுக்கு 'ஃபைல்' கட்டளை 'டேட்டா' என்ற ஒரே சொல்லைப் பதிலாகத் தந்திருக்கிறது. அதற்குப் பெயர் மாற்றி ஒரு பயனும் இல்லை.

7 மே, சற்றுப் பின்

ஒன்றைச் சேர்க்க விட்டுப்போனது. அரசு இணையதளத்திலிருந்து இறக்கிய டாக் விண்ணப்பம் ஒன்றுக்கு 'எச்டிஎம்எல் டாகுமென்ட்' என்று வந்திருக்கிறது. அது இணையப் பக்கம், பெயரில் மட்டும் டாக். ரைட்டர் அதை இணையப் பக்க வடிவில் திறந்துகொள்ளும், தாளின் விளிம்பே தெரியாது. உடனே 'வேறாகச் சேமி' போட்டு ஓடிடி ஆக்கிவிடு. அதன் பிறகு நிரப்பு.

11 மே

பாதியில் அறுந்த டாக்எக்ஸ் பற்றி விரிவாக எழுத வேண்டும். இந்தக் கடற்கரையில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

பாம்பனில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனவர்களின் வீட்டுப் பெண்கள் மனு அடிக்க வருவார்கள். கணவரின் பெயர், படகு எண், கடலுக்குப் போன தேதி, பிடிபட்ட இடம். ஒரு மனு கொடுத்தால் ஓய்வதில்லை. மீன்வளத்துறைக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று, சென்னைக்கு ஒன்று, தில்லிக்கு ஒன்று. மாதம் கழித்து மறுபடி தேதியை மாற்றி இன்னொன்று. அதனால் கோப்பைக் கையோடு கொண்டுபோகிறார்கள், போனில் அனுப்பிக்கொள்கிறார்கள், உறவுக்காரப் பையன் இன்னொரு ஊரில் இறக்கிக்கொள்கிறான். ஒரு நாள் ஓர் அம்மா, கையில் துணிப்பையோடு வந்தார். பையனின் மனு. மகள் போனில் அனுப்பிவைத்த கோப்பு திறக்கவில்லை என்று இரண்டு கடையில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். 'முதல்லேர்ந்து சொல்லு, அடிக்கிறேன்' என்று கேட்டிருக்கிறார்கள். பிடிபட்ட தேதியும் வழக்கு எண்ணும் அந்தக் கோப்பில்தான் இருந்தன, அவருக்கு மனப்பாடமாக இல்லை. அந்தக் கோப்பு மீண்டது. அது மீளும் என்று அந்த இரண்டு கடையிலும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்கவில்லை. இதையெல்லாம் இவ்வளவு நீளமாக எழுதுவதும் அதனால்தான்.

விஷயம் இது. ஜிப் பெட்டியில் உள்ளே என்னென்ன இருக்கிறது, எது எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல் கோப்பின் வாலில் இருக்கிறது. பொருளடக்கத்தைக் கடைசிப் பக்கத்தில் அச்சிட்ட புத்தகம் மாதிரி. பதிவிறக்கம் தொண்ணூறு சதவீதத்தில் அறுந்தால் உள்ளடக்கம் பெரும்பாலும் வந்திருக்கும், பட்டியல் மட்டும் வந்திருக்காது. பட்டியல் இல்லாததால் எந்த மென்பொருளும் 'இது தெரிந்த வடிவம் இல்லை' என்கிறது. வேர்ட் எழுதும் டாக்எக்ஸில் எழுத்து முழுவதும் இருக்கும் டாகுமென்ட் எக்ஸ்எம்எல் பொதுவாகத் தலைப்பக்கத்திலேயே இருக்கும், படங்கள் அதற்குப் பின்னால். ஆகவே அறுந்த கோப்பில் போட்டோ போனாலும் எழுத்து தப்பிக்கிறது.

செய்ய வேண்டியது: முதலில் கோப்பைப் பிரதி எடு, அசலைத் தொடாதே. பிரதியை ரைட்டரில் திற. 'கோப்பு சேதமடைந்திருக்கிறது, லிப்ரேஆபீஸ் சரிசெய்யட்டுமா' என்று கேட்டால் ஆம் கொடு. பலர் பயந்து இல்லை என்று கொடுத்துவிடுகிறார்கள். அது கேட்கவில்லை, அல்லது சரிசெய்ய முடியவில்லை என்றால், டெர்மினலில் 'ஜிப்' கட்டளைக்கு இரட்டை எஃப் கொடுத்து, இரண்டும் பெரிய எழுத்து, புதிய பெயரில் எழுதச் சொல். ஒற்றை எஃப் வாலில் இருக்கும் பட்டியலை நம்பி வேலை செய்கிறது, பட்டியலே இல்லாத கோப்புக்கு அது உதவாது. இரட்டை எஃப் தலையிலிருந்து தேடிக்கொண்டு போய்ப் பட்டியலைப் புதிதாகக் கட்டும். அதிலும் வேர்ட் வடிவம் மீளவில்லை என்றால், கிடைத்த டாகுமென்ட் எக்ஸ்எம்எல்லை மட்டும் வெளியே எடுத்து உரைத் திருத்தியில் திற. குறிகளுக்கு நடுவே உன் மனு வரிவரியாக இருக்கும். பார்க்க அலங்கோலமாக இருந்தாலும் பெயரும் தேதியும் எண்ணும் கிடைத்துவிடும்.

12 மே

நேற்று எழுதியதில் நெட்டை மட்டும் குற்றம் சொன்னது போதாது என்று இரவெல்லாம் தோன்றிக்கொண்டே இருந்தது. பாதிக் கோப்பு பென்டிரைவிலும் உண்டாகிறது. லினக்ஸ் பென்டிரைவுக்கு எழுதும்போது முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு பிறகு சாவகாசமாக எழுதும். திரையில் 'முடிந்தது' என்று வந்தவுடன் பிடுங்கினால் உள்ளே பாதிதான் போயிருக்கும். சில சமயம் அளவு சரியாகக் காட்டும், உள்ளே முழுக்கச் சைபர். அதற்குத்தான் 'டேட்டா' என்று பதில் வருகிறது. பாதுகாப்பாக அகற்று என்று கொடுத்து, அது சரி சொன்ன பிறகே எடுக்க வேண்டும்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. உப்புக்காற்று. பென்டிரைவ் முனையில் நான்கு தகடு மஞ்சளாக இருக்கும், அதன் ஓரத்தில் பச்சை படிந்திருக்கிறதா பார். கரையிலேயே பையில் போட்டு வைத்திருக்கும் பென்டிரைவில் இது இருக்கக்கூடும். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி சொருகினால் 'கெட்டுப்போன' கோப்புகள் திறந்ததை நான் பார்த்திருக்கிறேன். கோப்பு நன்றாகத்தான் இருந்திருக்கும், படிக்கும் வழியில்தான் தடங்கல்.

13 மே

'டேட்டா' என்று வந்த கோப்பை உள்ளே பார்க்கச் சொன்னேன். முழுக்கச் சைபர். அதில் மீட்க ஒன்றுமில்லை. அறுந்த இன்னொன்று இரட்டை எஃப்-இல் மீண்டுவிட்டது, குழுவின் கூட்டத் தீர்மானம். படம் இல்லை, எழுத்து முழுதாக இருக்கிறது.

17 மே

இப்போது வேறு மாதிரிக் கேள்வி. 'அண்ணே, 2009-இல் அடித்த ஒரு டாக் ரைட்டரில் நன்றாகத் திறக்கிறது. ஆனால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. வடிவம் புரியவில்லை போல.'

வடிவம் புரிந்துவிட்டது, தங்கச்சி. இது எழுத்துருவின் சிக்கல். அரைப்புள்ளி நிறைய இருக்கிறது என்று சொன்னதே அடையாளம். அது பாமினி. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன் டிடிபி கடைகளில் தமிழ் அடித்தது இந்த மாதிரி எழுத்துருக்களில்தான். கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்து, அதன்மேல் தமிழ் உருவத்தை வரைந்து காட்டும். ஜே என்றால் த, கே என்றால் ம, பி என்றால் இகரக் கொக்கி, ஓ என்றால் ழ, அரைப்புள்ளி என்றால் மெய்யின் புள்ளி. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாக அடித்தால் திரையில் 'தமிழ்'. அந்த எழுத்துரு உன் கணினியில் இல்லை, அதனால் அடியில் இருக்கும் ஆங்கிலம் அப்படியே தெரிகிறது. புள்ளிக்கு அரைப்புள்ளி என்பதால்தான் பாமினி ஆவணம் முழுக்க அரைப்புள்ளி இறைந்து கிடக்கிறது.

அவசரம் என்றால் அடித்த கடையிலிருந்தோ பழைய கணினியிலிருந்தோ பாமினி எழுத்துருக் கோப்பை வாங்கி, ஹோமுக்குள் புள்ளி வைத்த லோக்கல், ஷேர், ஃபான்ட்ஸ் உறையில் போட்டுவிட்டு ரைட்டரை மூடித் திற. படிக்கலாம், அச்சடிக்கலாம். ஆனால் தேட முடியாது, போனில் படிக்க முடியாது, அடுத்தவருக்கு அனுப்பினால் அவர் மறுபடி இதே கேள்வியைக் கேட்பார். யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நிரந்தரத் தீர்வு. தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியீட்டையும் தரமாக அறிவித்துவிட்டது.

18 மே

மாற்றும்போது என்ன கெடும் என்று எழுதுகிறேன். மாற்றி எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கிறது. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் பாமினி, வானவில், டாப், டாம், டிஸ்கி என்ற பழைய முறைகள் எல்லாவற்றையும் யூனிகோடாக்கும் வசதி இருக்கிறது. சிக்கல் மாற்றியில் இல்லை, மாற்றிய பிறகு யாரும் படித்துப் பார்ப்பதில்லை.

பாமினியில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, க, கால் என்று மூன்று எழுத்து. யூனிகோடில் க, அதன்பின் ஒகரக் குறி. மாற்றி இதைப் புரிந்துகொண்டு வரிசை மாற்ற வேண்டும், நல்ல மாற்றிகள் செய்துவிடும். ஆனால் தட்டச்சு செய்தவர் காலையும் ரகரத்தையும் மாற்றி அடித்திருந்தால் எந்த மாற்றியும் கண்டுபிடிக்காது. தாளில் இரண்டும் ஒன்றுபோலத்தான் விழும், உள்ளே வேறு வேறு விசை. அப்போது 'சவரியம்மாள்' என்ற பெயரில் ரகரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கால் நிற்கும். பயனாளிப் பட்டியலில் ஒரு பெயர் இப்படி நின்றால் அந்த அம்மாளுக்குப் பணம் வராது.

ஆங்கிலம் கலந்த வரிகள் இன்னும் ஆபத்து. நம் படகு எண்ணில் ஐஎன்டி, டிஎன், 10, எம்எம் என்று வரும். முழு ஆவணத்தையும் தேர்ந்தெடுத்துப் பாமினியிலிருந்து மாற்றினால் எம்எம் 'ஆஆ' ஆகிவிடும், டிஎன்னில் வரும் டி 'வு' ஆகிவிடும். ஆகவே ரைட்டரில் தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து, எழுத்துரு வடிவத்தை வைத்துத் தேடி, பாமினியில் இருக்கும் பகுதியை மட்டும் எடுத்து மாற்ற வேண்டும். படகு எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் இருக்கும் பத்திகளை மாற்றியின் பக்கமே கொண்டுபோகாதே. மாற்றி முடித்ததும் ஒருவர் அட்டையைப் பார்த்து வாசிக்க, ஒருவர் திரையைப் பார்க்க வேண்டும்.

20 மே

மண்டபத்துக்காரி கேட்டது: மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பாசி வகையும் எடையும் போட்ட அட்டவணை மாற்றிய பிறகு கட்டம் கலைந்துவிட்டது.

அட்டவணையை மொத்தமாக மாற்றியில் ஒட்டினால் அப்படித்தான் ஆகும். அட்டவணையைக் கால்க்கில் ஒட்டு, பெயர் இருக்கும் பத்தியை மட்டும் வெளியே எடுத்து மாற்றித் திரும்ப ஒட்டு. எடைப் பத்தி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

28 மே

கீழக்கரைக் காக்கா மறுபடி வந்திருக்கிறார். பள்ளி ஆண்டு மலர் ஒன்று, பின்னொட்டு பி65. ரைட்டர் தெரியாது என்கிறதாம்.

காக்கா, அது பேஜ்மேக்கர் 6.5 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்பு. ஏழாம் பதிப்பு என்றால் பிஎம்டி என்று இருக்கும். அடோபி அதை எப்போதோ நிறுத்திவிட்டது. ரைட்டருக்கு அது தெரியாதுதான், ஆனால் லிப்ரேஆபீஸின் டிராவுக்குத் தெரியும், 4.4 பதிப்பிலிருந்து. டிரா பொதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள், இந்தத் தங்கச்சிக்கு ரைட்டர் இல்லாமல் போன மாதிரி உங்களுக்கு டிரா இல்லாமல் இருக்கலாம். திறந்தாலும் பக்க அமைப்பு அப்படியே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், எழுத்தை மீட்பதுதான் நோக்கம். அந்த எழுத்தும் யூனிகோடாக இருக்காது, 17, 18 தேதிகளில் எழுதியதைப் பாருங்கள்.

1 ஜூன்

தொண்டியிலிருந்து கேட்ட தம்பிக்கு: கணினியில் இருக்கும் டாக்எக்ஸ் திறக்கிறது, பென்டிரைவில் இருப்பது திறக்கவில்லை என்றால் உன்னுடையது ஸ்னாப் என்ற தனிப்பொதி முறையில் போட்ட லிப்ரேஆபீஸ். ஸ்னாப் செயலிக்கு வெளிவட்டைத் தொட அனுமதி தனியாகக் கொடுக்க வேண்டும். செயலி அனுமதிகளில் 'ரிமூவபிள் மீடியா' என்பதை இயக்கு. வடிவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கடவுச்சொல் போட்ட டாக்எக்ஸுக்கு 'ஃபைல்' கட்டளை ஜிப் என்று சொல்லாது, 'என்கிரிப்டட்' என்று சொல்லும். பயப்பட வேண்டாம், ரைட்டர் கடவுச்சொல்லைக் கேட்டுத் திறக்கும்.

6 ஜூன்

இப்போது எதிர்ப்பக்கம். தங்கச்சி ஓடிடியில் அனுப்பிய மனுவை ஓர் அலுவலகத்தில் 'எங்களுக்குத் திறக்கவில்லை' என்று திருப்பியிருக்கிறார்கள்.

ஓடிடி 2006-இல் ஐஎஸ்ஓ தரமாகிவிட்டது, வேர்டும் 2007-இன் இரண்டாம் சர்வீஸ் பேக்கிலிருந்து அதைத் திறக்கும். வாதாடலாம். ஆனால் மனு நம்முடையது, அவசரமும் நம்முடையது. உன் கையில் ஓடிடியை வைத்துக்கொள், திருத்துவதெல்லாம் அதில் செய். அலுவலகத்துக்குப் பிடிஎஃப் அனுப்பு. அவர்கள் திருத்த வேண்டிய விண்ணப்பமாக இருந்தால் மட்டும் டாக்எக்ஸ். டாக்எக்ஸ் அனுப்பும்போது லோகித் தமிழ், நோட்டோ தமிழ் என்று லினக்ஸில் இருக்கும் எழுத்துருவில் அடித்தால் அங்கே விண்டோஸின் நிர்மலாவாகவோ லதாவாகவோ மாறி, ஒரு பக்க மனு இரண்டு பக்கமாக வழியும். கையெழுத்து வரி தனியாக அடுத்த தாளுக்குப் போய்விடும், அதைச் சாக்காக வைத்தே திருப்புவார்கள். கோப்பின் பண்புகளில் எழுத்துரு என்ற தாவலில் 'ஆவணத்தில் எழுத்துருவைப் பதி' என்பதைத் தட்டிவிட்டுச் சேமி. கோப்பு கொஞ்சம் பெருக்கும், பரவாயில்லை.

இங்கிலீஷ் பகுதிக்குக் காலிப்ரி எழுத்துரு இருந்தால் கார்லிட்டோ எழுத்துருவைப் போட்டுக்கொள். அகலம் ஒன்றே, வரி உடையாது.

12 ஜூன்

தங்கச்சியின் பட்டியலில் எல்லாம் முடிந்தது, அந்தச் சைபர் கோப்பு ஒன்றைத் தவிர. அனுப்பியவரிடமும் அசல் இல்லையாம். குழுவின் பழைய உறுப்பினர் விவரம் அது. ஜெராக்ஸ் ஒன்று சின்னப்பாலத்தில் ஒரு அக்காவிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறாள். அது கிடைத்தால் திங்கட்கிழமை மாலை கடைக்கு எடுத்து வா. நீ வாசி, நான் அடிக்கிறேன். முதலிலிருந்தே யூனிகோடு, முதலிலிருந்தே ஓடிடி. ஆதார் அட்டைகளின் நகலையும் மறக்காமல் கொண்டு வா.